சமையலறைப் பூட்டு

சமையலறைக்குப் பூட்டுப் போட்டு வைத்த ஒரே ஒரு பெண்ணைத்தான் என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். பூட்டு சின்னதுதான், பெட்டிக்குப் போடுகிற பித்தளைப் பூட்டு. சாவியை ஊக்கில் கோத்துத் தாலிக்கொடியில் மாட்டியிருப்பாள். வாசல் பெருக்கக் குனியும்போது அது வெளியே வந்து ஆடும். உடனே எடுத்து உள்ளே போட்டுக்கொள்வாள். அவள் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவளைப் பற்றி மற்றவர்கள் பேசியது போதும். அதில் பாதி நான் பேசியது.

துடியலூரில் எங்கள் காம்பவுண்டில் ஐந்து வீடுகள். முன்வீடு என்னுடையது. கல்யாணம், சீர், வளைகாப்புக்குப் பலகாரம் செய்து கொடுப்பது என் தொழில். என் வாசற்படி ஏறியவர் யாரும் வெறும் வயிற்றோடு இறங்கியதில்லை என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. திமிர் என்றும் சொல்லலாம். சிலிண்டர் கொண்டுவருகிறவர் அவசரமாகக் கிளம்பினாலும் ஒரு முறுக்கையாவது கையில் திணித்துத்தான் அனுப்புவேன்.

அவர்கள் பின்வீட்டுக்குக் குடிவந்த அன்று பாலைக் காய்ச்சி முடிக்கட்டும் என்று காத்திருந்து, ஒரு தட்டு நிறையக் கச்சாயம் எடுத்துக்கொண்டு போனேன். அரிசியும் வெல்லமும் ஆட்டி எண்ணெயில் சுட்டது, சூடு ஆறவில்லை. அவள் வாசலை மறித்தாற்போல நின்றாள்.

"வேண்டாமுங்க்கா," என்றாள்.

எங்கள் பக்கத்தில் முதல் வேண்டாம் மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது தடவை "எதுக்குங்க சிரமம்" என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள். நான் தட்டை நீட்டியபடியே நின்றேன். அவள் மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றாள். நாலாவது தடவை கேட்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குழந்தை தலையை நீட்டி, என்னைப் பார்க்காமல் தட்டையே பார்த்தது. அவள் சிரித்த முகத்தோடு கதவைச் சாத்தினாள். தட்டோடு திரும்பி நடந்தபோது எனக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது.

அந்தக் குழந்தை ஹர்ஷினி. அப்போது அவளுக்கு ஏழு வயது. வயதுக்குக் குள்ளம், உடம்பு கனம், கையும் காலும் மட்டும் வேறொரு சின்னக் குழந்தையுடையதைப் போலப் பொடிசாக இருக்கும். வெகு சாது. நூறு துண்டுப் படப் புதிரைக் கலைத்துக் கொட்டினால், படம் போட்ட பக்கத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, வெறும் அட்டை நிறத்தை மட்டும் பார்த்துச் சேர்த்துவிடுவாள். நான் திருப்பிப் பார்த்தால் மயில் சரியாக நிற்கும். அதைச் செய்துகொண்டிருக்கும்போதும் நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே கேள்விதான் கேட்பாள்.

"அத்த, மணி என்னங்?"

மணி என்று அவள் கேட்டது சோற்றை. அவர்கள் வீட்டுக் கடிகாரத்தில் எட்டு, பன்னிரண்டரை, நாலு, ஏழு இந்த நான்கு இடத்திலும் சிவப்புக் காகிதப் பொட்டு ஒட்டியிருந்தது. சின்ன முள் பொட்டைத் தொட்டால் பூட்டு திறக்கும். அதற்கு ஒரு நிமிடம் முன்னால் அந்தப் பிள்ளை தரையில் புரண்டு அழுதாலும் திறக்காது. "மணி ஆகட்டும் கண்ணு," என்பாள் அம்மாக்காரி. குரல் உயராது, இறங்காது. ஒரு நாளில் எத்தனை தடவை சொல்வாள் என்று கணக்கே இல்லை. கேட்டுக் கேட்டு எங்களுக்கே வெறுத்துப் போனது.

காலையில் இரண்டு இட்லி. மத்தியானம் ஒரே டம்ளரில் அளந்த சோறு, காய் நிறைய. இட்லியைக் கூடச் சின்ன மெஷினில் எடை போட்டு வைப்பாள். ஒருநாள் சமையலறைக் கதவு திறந்திருந்தபோது நானே பார்த்தேன். மற்ற வீட்டுக்காரர்களிடம் போய்ச் சொன்னதும் நானேதான். கஞ்சப்பிசினாறி என்று தொடங்கி, பெற்ற பிள்ளைக்குச் சோறு போடாதவள் என்பதில் கொண்டுபோய் நிறுத்தினோம். கோயில் பிரசாதத்தைக் கூட வாங்க மாட்டாள். பக்கத்து வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டால் தனியாக வந்து, மொய் எழுதிவிட்டு, இலையில் உட்காராமல் போய்விடுவாள்.

அவளுக்கு மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றும் பட்டறையில் வேலை. குழந்தை சிறப்புப் பள்ளிக்குப் போய்த் திரும்பும் நேரத்துக்குள் போய்வந்துவிடுவாள். செம்புக் கம்பி இத்தனை சுற்று என்றால் இத்தனை சுற்றுத்தான் இருக்க வேண்டுமாம். "ஒரு சுத்துக் கூடினாலும் மோட்டார் சரியா ஓடாதுங்க்கா," என்று ஒருமுறை சொன்னாள். அந்தப் புத்தியைச் சோற்றிலும் காட்டுகிறாளே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவள் என்னிடம் மறைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குடிவந்த இரண்டாம் வாரமே தேடி வந்தாள்.

"ஏனுங்க்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பலகாரம் சுடறப்ப பின்பக்கத்து ஜன்னலச் சாத்திக்குவீங்களா? அவளுக்கு வாசம் தாங்காதுங்க்கா. அது ஒரு வியாதிங்க. எத்தன தின்னாலும் பசி அடங்காது. தயவு செஞ்சு ஒண்ணும் குடுத்துராதீங்க."

"அதுக்கென்ன அம்மணி, சாத்திக்கறேன்," என்றேன். சாத்தவும் செய்தேன். ஆனால் நம்பவில்லை. வளர்கிற பிள்ளைக்குப் பசி எப்படி வியாதியாகும்? பசிக்காமல் இருப்பதுதான் வியாதி என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உண்மையில், என் பலகாரத்தை வேண்டாம் என்று சொன்ன ஆள் சொல்வதை எனக்கு நம்பப் பிடிக்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் ஹர்ஷினி என் பின்வாசலில் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. கீழே சிந்திக் கிடந்த காராபூந்தியை மண்ணோடு பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள். உள்ளே கூட்டிப்போய் ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தேன். தின்றுவிட்டுக் கையை நக்கி, "இன்னும் இருக்குதுங்களா?" என்றாள். அன்றிலிருந்து அவள் அம்மா துணி துவைக்கும் நேரம் எங்கள் நேரமானது. நான் புண்ணியம் செய்கிறேன் என்றுதான் நம்பினேன். கொடுப்பதில் ஒரு ருசி இருக்கிறது. அதுவும் இன்னொருத்தி கொடுக்காத இடத்தில் கொடுப்பதில்.

புரட்டாசிக்குள் குழந்தை இன்னும் கனத்துவிட்டாள். அம்மா மாதாமாதம் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எடை பார்ப்பது வழக்கம். ஒருநாள் அப்படிப் போய்வந்து, வாசலில் செருப்பைக் கழற்றாமலேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"எங்க தப்புப் பண்றேன்னே தெரியலீங்க்கா. எல்லாம் அளந்துதான போடறேன்," என்றாள்.

என்னிடம்தான் கேட்டாள். அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். "வளர்ற ஒடம்பு, அப்பிடித்தான் அம்மணி," என்றேன்.

அவளைப் பற்றி எங்களுக்குத் தெரியாத ஒன்றை அவள் வீட்டுக்காரர் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். அவர் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்பு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறவர், அதிர்ந்து பேசாத மனிதர். "எனக்குக் கம்பெனி கேன்டீனுங்க. அவ மட்டும் பாப்பா தின்கற அளவுதானுங்க தின்பா. அதே ரெண்டு இட்லி, அதே டம்ளர் சோறு. பட்டறைலயும் டீ குடிக்க மாட்டா. வாயில வாசம் வந்தாப் பாப்பா கண்டுபிடிச்சுருமுங்க," என்றார். பிள்ளைக்குப் போடாமல் தான் மட்டும் தின்கிறாள் என்று மாதக்கணக்காக நாங்கள் பேசியிருந்தோம். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. அப்போதும் நிறுத்தவில்லை.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை. பட்டறையில் அவசர வேலை, வீட்டுக்காரருக்குப் பகல் ஷிப்டு, பள்ளிக்கூடம் விடுமுறை. குழந்தையை யாரிடமும் விட்டுப் பழகாதவள் என்ன செய்வதென்று தவித்தாள். நானாகத்தான் போய், "எங்கிட்ட உடு அம்மணி, நான் பாத்துக்கறேன்," என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு பன்னிரண்டரைச் சோற்றை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். "இது மட்டும் போதுமுங்க்கா. உங்கள நம்பித்தான் போறேன்," என்றாள்.

அன்றைக்கு ஒரு சீருக்கு இருநூறு கச்சாயம் சுட்டு, சமையலறையில் துணி விரித்து ஆறப் போட்டிருந்தேன். டப்பாச் சோற்றோடு இரண்டு கச்சாயம் வைத்துக் கொடுத்தேன். தின்றுவிட்டுப் படப் புதிரோடு உட்கார்ந்தாள். எனக்குப் போன் வந்தது. என் மகள் பேசினால் அரை மணிக்குக் குறையாது. திண்டுக்கல்லில் இருக்கிறவள், அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினாள். திரும்பி வந்தபோது குழந்தை அதே இடத்தில்தான் இருந்தாள். புதிர் பாதியில் கிடந்தது. நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

மூன்றரைக்கு அவள் வந்தாள். வழியெல்லாம் வேகமாக நடந்து வந்திருப்பாள் போல, மூச்சு வாங்கியது. மகளைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மணியே கேக்கலயே கண்ணு. நாலாகப் போவுது. பசிக்கலியா?"

"பசிக்கல," என்றாள் ஹர்ஷினி.

எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. பார்த்தாயா, வயிறு நிறையக் கொடுத்தால் பசி அடங்கத்தான் செய்யும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. பிள்ளையின் சட்டையைத் தூக்கினாள். வயிறு கல் மாதிரி இறுகி நின்றது.

"என்ன தின்னா? அக்கா, என்ன தின்னா இவ?"

சமையலறைக்கு ஓடினேன். துணியில் ஒரு மூலை முழுக்கக் காலி, இருபது முப்பது இருக்கும்.

அந்தக் குழந்தைக்கு வாந்தி வராது, வலியும் அவ்வளவாகத் தெரியாது என்பதை அவள் ஆட்டோவில் போகும்போதுதான் சொன்னாள். மற்றப் பிள்ளைகள் என்றால் பத்துத் தின்றதும் கக்கியிருக்கும், கத்தியிருக்கும். இந்தப் பிள்ளை சத்தமே போடாது. ஹர்ஷினி வாயிலிருந்து பசிக்கவில்லை என்று எப்போதாவது வந்தால் அந்த நிமிடமே தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். ஏழு வருடமாக அந்த வார்த்தை வந்துவிடக்கூடாதே என்று அவள் பயந்துகொண்டிருந்தாள். என் வீட்டில் வைத்து வந்தது.

ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோய்க் குழாய் போட்டார்கள். வயிறு கிழியும் நிலையில் இருக்கிறது, காலைக்குள் சரியாகாவிட்டால் ஆபரேஷன் என்றார்கள். நாங்கள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் அழவில்லை. என்னால் அடக்க முடியவில்லை. ஆடி மாதத்திலிருந்து கொடுத்து வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன்.

திட்டுவாள், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவள் விரல்களை மடக்கி மாதத்தை எண்ணினாள்.

"புரட்டாசில எடை கூடிப்போச்சுன்னு ராத்திரிச் சோத்துல பாதியக் கொறச்சுப்போட்டனுங்க்கா," என்றாள். "மூணு மாசம். அழுதுட்டே தூங்குவா. நான்தான் தப்பாப் போடறேன்னு நெனச்சு, எம்புள்ளைக்கு நான் கொறச்சுப்போட்டேன்." அப்போதுதான் அழுதாள்.

விடிந்து, வயிறு இளக ஆரம்பித்துவிட்டது, ஆபரேஷன் வேண்டாம் என்று சொன்ன பிறகு, காபி கூடக் குடிக்காமல் அவள் எனக்கு அந்த வியாதியைச் சொன்னாள். நான் கேட்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது போலும்.

"பொறந்தப்ப இவ அழுகவே இல்லீங்க்கா. துணி மாதிரித் தொவண்டு கெடந்தா. பால் உறிஞ்சத் தெம்பில்ல, பஞ்சுல நனைச்சு ஊத்துனேன். தின்ன மாட்டேங்கறாளேன்னு அப்ப அழுதேன். ரத்தம் எடுத்து மெத்திலேஷன்னு ஒரு டெஸ்டுக்குப் பெங்களூருக்கு அனுப்பினாங்க. டாக்டரம்மா படம் போட்டுச் சொன்னாங்க. எல்லாப் புள்ளைக்கும் அப்பங்கிட்டருந்து ஒரு பங்கு, அம்மாகிட்டருந்து ஒரு பங்கு வருதாமா. பதினஞ்சாவது குரோமோசோம்னு ஒண்ணுல ஒரு சின்ன எடம். அங்க மட்டும் அம்மா பங்கு வேலை செய்யாதாமா. உங்களுக்கு, எனக்கு, எல்லாத்துக்குமே அப்பிடித்தானுங்க. மெத்தில்னு ஒரு பொடிப் பொருள் அந்த டி.என்.ஏ. மேல போய் ஒட்டிக்கிட்டு, அத வாயத் தொறக்க உடாம வெச்சுருமாமா. அப்பன் பங்குதான் பேசோணும். மூளை வளர்றதுக்கு, வகுறு நெறஞ்சுதுன்னு மூளைக்குத் தெரியறதுக்கு, எல்லாத்துக்கும் அந்தப் பேச்சு வேணும். இவளுக்கு அப்பன் பங்குல அந்தத் துண்டு விட்டுப்போச்சுங்க்கா. என்னுது முழுசா இருக்குது. ஒரு கொறையும் இல்ல. ஆனா பூட்டிக் கெடக்குது. தொறக்க மருந்து இன்னும் இல்லைன்னுட்டாங்க."

நான் அவள் கழுத்துச் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிவாக்கில் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து அவள் மாமியார் வந்து சேர்ந்தார். கையில் ஒரு பை இளநீர். வந்ததும் வராததுமாக, "எங்க வமுசத்துல இப்பிடி ஒண்ணு கெடையாது. எல்லாம் இவ வகுத்துக் கோளாறு. என்ற மகன் தலைல வந்து விடிஞ்சுது," என்று வராண்டாவில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

எனக்கு வாய் நீளம் என்பது ஊருக்கே தெரியும். எழுந்துவிட்டேன். அவள் என் சேலைத் தலைப்பைப் பிடித்து உட்கார வைத்தாள். மாமியார் உள்ளே போன பிறகு நான் கேட்டேன்.

"ஏன் அம்மணி, உம்மேல என்ன இருக்குதுன்னு வாங்கிக்கட்டிக்கற? சொல்லிப்போட வேண்டியதுதான?"

"யாரு மேலயும் ஒண்ணும் இல்லீங்க்கா. தானா விட்டுப்போறதாமா, யாரும் பண்ணுன தப்பில்லைன்னு டாக்டரம்மா சொன்னாங்க. எனக்குப் புரியுது. அவருகிட்டச் சொன்னா, எம்பக்கத்துலருந்து வராமப் போச்சான்னு அதையே நெனச்சுட்டுக் கெடப்பாரு. அப்பறம் புள்ளய நிமுந்து பாக்க மாட்டாரு. பொறவிக் கோளாறுன்னு மட்டுந்தான் சொல்லி வெச்சுருக்கறேன். எனக்குப் பேச்சு வாங்கிப் பழகிப்போச்சுங்க."

டெஸ்டுக் காகிதம் எங்கே என்று கேட்டேன். சமையலறைக்குள் பருப்பு டப்பாவுக்கு அடியில் என்றாள்.

அன்றிலிருந்து நான் அவளுக்கு நல்லவளாகிவிட்டேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஹர்ஷினி பிழைத்து வந்தாள். அவள் அம்மா என்னோடு முன்போலவே மரியாதையாகப் பேசினாள். ஆனால் குழந்தையை என்னிடம் மறுபடி விடவில்லை. அதில் எனக்கு வருத்தம் கிடையாது, விட்டிருந்தால்தான் பயந்திருப்பேன். டவுன்ஹால் பக்கம் போய் ஒரு பூட்டு வாங்கி வந்து என் சமையலறைக்குப் போட்டேன். மற்ற மூன்று வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து, பிள்ளைக்கு என்ன வியாதி, ஏன் கொடுக்கக் கூடாது என்று சொன்னேன். யார் பங்கு விட்டுப்போனது என்பதை மட்டும் சொல்லவில்லை. பூட்டு போட்ட அன்று அவள் வந்து அதைத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த வருடம் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து, அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு பொள்ளாச்சிக்கே போக வேண்டியதாயிற்று. மாமியாரின் சமையலறைக்கு எப்படிப் பூட்டுப் போடுவாய் என்று கேட்டேன். "போட்டுத்தான் ஆகோணுங்க்கா," என்றாள்.

கிளம்பிய அன்று காலை பத்தரை மணி. வேனில் சாமான் ஏற்றி முடிந்தது. எனக்கு அன்று ஒப்புட்டு ஆர்டர், பருப்பும் வெல்லமும் வைத்துத் தட்டும் போளி. நூறு ஒப்புட்டு உள்ளே நெய் வாசத்தோடு ஆறிக்கொண்டிருந்தது, சமையலறை பூட்டியிருந்தது. நான் வெறுங்கையோடு வாசலில் நின்றேன். ஹர்ஷினி நேராக என்னிடம் வந்து மூக்கை உயர்த்தினாள்.

"வாசம் வருதுங்கத்தை. எனக்கு ஒண்ணும் இல்லீங்களா?"

பிறந்ததிலிருந்து பசியோடே இருக்கிற பிள்ளை. இனி அவளை நான் எப்போது பார்க்கப் போகிறேன் என்று தெரியாது. சாவி என் கைக்குள் இருந்தது.

"மணி ஆகட்டும் கண்ணு," என்றேன்.

அந்த வார்த்தையைச் சொல்வது எவ்வளவு கனம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதை ஒரு நாளைக்கு நூறு தடவை, சொந்தப் பிள்ளையிடம், குரல் நடுங்காமல் ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேனுக்குள்ளிருந்து மாமியார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "ஊட்டு நெறையப் பலகாரத்த வெச்சுட்டு, பொறப்படற புள்ள கைல ஒரு துண்டு குடுக்க மனசு வரல பாரு. நல்லா இருக்கறாங்க மனுசரு," என்றார். அவருக்குத் திருப்பிச் சொல்ல என்னிடம் இரண்டு பதில் இருந்தது, ஒன்று பலகாரத்துக்கு, இன்னொன்று அன்றைக்கு அவர் சொன்ன வம்சத்துக்கு. இரண்டையும் சொல்லவில்லை.

அவள் வண்டியில் ஏறப் போனவள் இறங்கி வந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "போயிட்டு வாரேனுங்க்கா," என்றாள். என் வாசலிலிருந்து வெறும் வயிற்றோடு ஒரு குழந்தை போவதை நான் நின்று பார்த்தேன்.